சந்தனம் பட்ட பிளாப்பியும் ஒரு நகலும்

விலை கொடுத்து வாங்கிய ஒன்றை, அது கெட்டுப்போனால் உதவுமென்று இன்னொரு பிரதி எடுத்துப் பூட்டி வைத்துக்கொள்வது திருட்டாகுமா? எண்பதுகளின் இறுதியில், கோவில்பட்டியில் ஒரு தட்டச்சு நிலையத்தில் நான் ஆசிரியராக இருந்தபோது, இந்தக் கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டிய நிலை வந்தது.

அந்த ஆண்டுதான் நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. கடிதம் தயாரிக்கும் புரோகிராம் ஒன்றை உரிமையாளர் மதுரையில் வாங்கிவந்தார். வளைந்துகொடுக்கும் ஒரு சதுர பிளாப்பிக்குள் அது முழுவதும் அடங்கியிருந்தது. கதவை அடைத்தாலும் கரிசல் புழுதி உள்ளே வரும் ஊர் இது. நகலில் வேலை செய்வோம், அசலைப் பீரோவில் வைப்போம் என்று முதல் நாளே சொன்னேன். அவர் பிளாப்பி வந்த காகித அட்டையிலிருந்த எச்சரிக்கையைக் காட்டினார்.

“காப்பி எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்லா தம்பி? நாம வாங்குனது ஒண்ணு. அத ரெண்டாக்குனா அடுத்தவன் சொத்துல்லா அது?”

அவருடைய நேர்மையை மதித்தேன், முடிவை ஏற்கவில்லை. பக்கத்து நிலையத்துக்கு நகல் கொடுத்தால் விற்றவருக்கு இழப்பு. நம் பீரோவுக்குள் கிடக்கும் நகலால் யாருக்கு இழப்பு என்று கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தட்டச்சுப் பொறிகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், பிளாப்பியை மட்டும் விட்டுவிட மனம் வராமல் அதற்கும் வைத்தார். பிளாப்பி உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே சுழலும் தகட்டைக் கம்ப்யூட்டர் படிப்பது அதன் வழியாகத்தான். பொட்டு வைக்க வாகான இடமாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் அதைப் படிக்க மறுத்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவியின் முகம் வாடியது. புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை தைத்துக்கொண்டே படிக்க வந்தவர். திங்கட்கிழமை தூத்துக்குடி அலுவலகம் ஒன்றில் அவருக்கு வேலைக்கான தேர்வு. அதே புரோகிராமில் கடிதம் தயாரித்துக் காட்ட வேண்டும். பழகுவதற்கு எஞ்சியிருந்தது அந்த வார இறுதிதான். மதுரைக் கடையோ பூஜை விடுமுறையில் மூடிக்கிடந்தது.

பிளேடால் உறையின் ஓரத்தைக் கிழித்துத் தகட்டை வெளியே எடுத்தேன். தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்ததும் வெற்று பிளாப்பி ஒன்றின் உறைக்குள் செருகினேன். கம்ப்யூட்டரிலும் சந்தனம் ஒட்டிய இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன். உரசும் சத்தத்தோடு தகடு சுழன்றது. புரோகிராம் திரையில் வந்தது. ஆனால் அடுத்த முறையும் வருமென்று சொல்வதற்கில்லை. இப்போதே நகல் எடுத்தாக வேண்டும் என்றேன். உரிமையாளர் அந்தக் காகித அட்டையை எடுத்து எச்சரிக்கையை மறுபடியும் வாசித்தார்.

மாணவி அமைதியாகக் கேட்டார்: “சந்தனம் வைக்கலாம்னு அதுல போட்டிருந்துச்சா அண்ணாச்சி?”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். உரிமையாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “வாய பாரு இவளுக்கு,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு எடுங்க தம்பி. இந்தக் கட்டடத்த விட்டு அது வெளிய போகக் கூடாது.”

நான் கேட்டதும் அதற்கு மேல் இல்லை. நகல் பழுதில்லாமல் முடிந்தது. இன்னொரு முறை போட்டுப் பார்த்தபோது கழுவிய தகடு படிக்கவில்லை. மாணவி அன்று மாலைவரை நகலிலேயே பழகினார். திங்கட்கிழமை தேர்வெழுதி வேலையும் பெற்றார்.

விடுமுறை முடிந்ததும் உரிமையாளர் மதுரைக் கடைக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். சொந்தப் பாதுகாப்புக்கு எல்லாரும் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் சாதாரணமாகச் சொன்னார்களாம். அதன்பின் நிலையத்தில் எந்தப் புரோகிராம் வாங்கினாலும் முதல் வேலையாக ஒரு நகல் எடுத்தோம். அசல் பீரோவுக்குப் போனது. வெளியிலிருந்து நகல் கேட்டு வந்தவர்களுக்கு, நண்பர்களானாலும், இல்லையென்று சொன்னோம்.