கணக்குப்பிள்ளைக்கும் வயிறு கலங்கும்

கணக்கு எழுதுகிறவனைத் தேடி யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. பல் டாக்டரிடம் போகிறவர்களாவது எந்தப் பல்லில் வலி என்று சொல்லிவிடுவார்கள். எங்களிடம் வருகிறவர்கள் காகிதம் அடைத்த ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்து, "நீயே பாத்துக்கோ சார்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சொந்தமாக ஒரு கடையோ பட்டறையோ வைத்து, அரசாங்கக் கவர் ஒன்றைக் கையில் வாங்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். தொண்ணூற்றெட்டில் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு பஞ்சர் கடையின் மாடியில் அறை எடுத்து உட்கார்ந்தேன். சுற்றிலும் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். நேற்றுவரை நெல் போட்டவர் லேத் பட்டறை முதலாளி ஆனார். மாடு வைத்திருந்தவர் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் வேன் வாங்கினார். மெஷின் ஓட்ட அவர்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்தார்கள். காகிதத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

காலையில் கதவைத் திறந்ததும் வேதாகமத்தில் ஒரு சங்கீதம் வாசித்து, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் லெட்ஜரைத் தொடுவேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனாலும் ஒருவர்கூட வேண்டாம் என்றதில்லை. "நோட்டீஸ் வந்துகீது சார், நம்ம பேர முதல்ல சொல்லு" என்று வரிசை மாற்றச் சொன்னவர்கள் உண்டு.

அரிசி டிரம்

கஸ்தூரி அக்கா மெஸ் நடத்தினார். தெற்கேயிருந்து வந்து அறை எடுத்துத் தங்கிய கம்பெனிப் பையன்கள் நாற்பது பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. ஒரு கம்பெனிக் கேன்டீனுக்கும் மதியச் சாப்பாடு போகும். ஒரு நாள் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு, ஒரு பழைய அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட பழுப்புக் கவர்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாம் அவர் கணவர் பெயருக்கு வந்தவை. கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பதிவெல்லாம் அவர் பெயரில் இருந்ததால், விஷயம் தெரிந்தால் மெஸ்ஸை மூடிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கவர் வந்தால் அக்கா பிரிப்பதே இல்லை. வாங்குவார், டிரம்மில் போட்டு மூடுவார்.

நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத நினைவூட்டல்கள். கடைசிக்கு முந்தின கவரில்தான் எனக்கே வியர்த்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர் கணவர் வரி ஆபீசில் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். "ஊருக்குப் போயிருக்காருன்னு நீயே சொல்லிடு தம்பி" என்றார் அக்கா. "பொய் என் வாயில வராதுக்கா. வந்தாலும் உளறிடுவேன். நீங்க உண்மையைச் சொல்லுங்க, நான் பக்கத்துலயே நிக்கறேன்" என்றேன். சொன்னேனே தவிர, மறுநாள் பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறையை மூன்று முறை தப்பாக எண்ணியது நான்தான்.

அதிகாரி கோப்பிலிருந்து தலை தூக்காமல், "அவர் எங்கேம்மா?" என்றார். அக்கா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். வாரிசுச் சான்றிதழ் கொண்டுவரவும், அக்கா பெயரில் புதிதாகப் பதிவு செய்யவும் ஒரு மாதம் கொடுத்தார். ஒரு சிறு அபராதம். அவ்வளவுதான். படி இறங்கும்போது அக்கா பாதியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவரு செத்துட்டாருன்னு இதுவரிக்கும் என் வாயால சொன்னதே இல்ல தம்பி. இன்னிக்குத்தான் சொல்லிக்கீறேன்."

கண்ணை மூடியது

பென்னலூரில் முனுசாமி இரண்டு லேத் போட்டிருந்தார். ஒரு மத்தியானம் போனில் அவர் குரலே மாறியிருந்தது. "சார், ஓடியா. ஆபீசர் வந்துகீறாரு. பட்டறைக்கு சீல் வப்பேன்றாரு." போனேன். சஃபாரி சட்டை, கையில் ஃபைல், முனுசாமியின் நாற்காலியில் கால்மேல் கால். நான் நின்றபடியே என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையில், என்றோ ஒரு மாதம் நான் கூட்டலில் செய்த தப்புகூட ஞாபகம் வந்துவிட்டது. முனுசாமி ஏற்கனவே மேசை டிராயரைத் திறந்து வைத்திருந்தார், பணத்தை எடுத்துக் கொடுக்க.

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். இரண்டு நிமிஷம் கண்ணை மூடி நின்று, "ஆண்டவரே, வாயைத் திறக்கத் தைரியம் கொடும்" என்று கேட்டேன். திறந்ததும், "சார், உங்க அடையாள அட்டையைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. வந்தவர் எழுந்தார். வண்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றார். வெளியே போனார். வண்டிச் சத்தம் கேட்டது. திரும்பி வரவேயில்லை. டிராயரைச் சாத்திவிட்டு முனுசாமி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "கண்ண மூடிக்கினு நின்னியா, நீ மயக்கம் போட்டுட்டன்னு சோடா வாங்கியாரச் சொல்லிட்டேன் சார்!"

வராத நாள்

பாஸ்கர் என்ற கான்ட்ராக்டர் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புவார். என் மாத வருமானத்தில் பாதி அவரிடமிருந்துதான் வந்தது. ஒரு திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை என் மேசையில் போட்டார். போன வெள்ளிக்கிழமை, முருகேசன் என்ற ராமநாதபுரத்துத் தொழிலாளியின் வலது கையில் மூன்று விரல்களைப் பிரஸ் மெஷின் எடுத்துவிட்டது. இரண்டு குழந்தைகளின் அப்பா. அவரைத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சேர்க்காமலே பாஸ்கர் வேலைக்கு வைத்திருந்தார். "இன்னா, அன்னிக்கு அவன் வரலன்னு மாத்தி எழுது. உன் கையெழுத்துலதான மாசம் பூரா கீது" என்றார்.

முடியாது என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உன் வூடு எங்கன்னு தெரியும். புள்ள எந்த ஸ்கூல்னும் தெரியும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து இரண்டு பேர் பஞ்சர் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். எதுவும் செய்யவில்லை. மாடியைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். மூன்று நாள். காலை ஜெபத்தில் பாஸ்கர் பெயரைச் சொல்லாமல் தாண்டிப் போனேன். ஜெபித்தால் பயம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்குப் போகவில்லை. பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டாம் என்று என் மனைவி மெர்சியிடம் சொன்னேன். எழுதிக் கொடுத்துத் தொலைக்கட்டுமா என்றும் கேட்டேன். அவளுக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. "எழுதிக் குடுத்துட்டு வந்து, பிள்ளை தலையில கை வச்சு எப்படி ஜெபம் பண்ணுவிய?" என்றாள்.

நான்காம் நாள் பெஞ்ச் காலி. பாஸ்கர் வேறொருவரை வைத்துப் பதிவேட்டை மாற்றி எழுதிக்கொண்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் அவரே படியேறி வந்தார், வேட்டி கசங்கி. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வைத்திருந்த நோட்டில், விபத்து நடந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு முருகேசன் உள்ளே போனது அவரே போட்ட கையெழுத்தோடு இருந்திருக்கிறது. கம்பெனிக்காரர்கள் பாஸ்கரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள். "இப்ப இன்னா பண்றது?" என்றார். "உண்மையை எழுதிக் கொடுப்போம். அபராதம் வரும். கட்டுங்க" என்றேன். அன்றே உட்கார்ந்து எழுதினோம், திருத்தினதையும் மறைக்காமல். அபராதம் கடுமையாகத்தான் வந்தது. ஆனால் முருகேசனுக்குச் சிகிச்சையும் மாத உதவித்தொகையும் கிடைத்தன. கடைசிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பாஸ்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தினியோ பேரப் பாத்துக்கீறேன். பயம்னா இன்னான்னே தெரியாத ஆளுய்யா நீ!"

ஏகாம்பரத்தின் இழைப்புளி

மற்றவர்கள் தப்பையே சொல்லிக்கொண்டு போனால் நன்றாயிருக்காது. மணிமங்கலம் பக்கத்தில் ஏகாம்பரம் கம்பெனிகளுக்கு மரப்பெட்டி செய்து கொடுப்பார். அவர் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை நான் விட்டுவிட்டேன். வேலைப்பளு, காய்ச்சல் எல்லாம் சாக்கு, மறந்தேன், அவ்வளவுதான். அதனால் அவருக்கு ஒரு நல்ல ஆர்டர் போய்விட்டது. காரணம் அவருக்குத் தெரியாது. ஆபீஸ் தாமதம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை போய் நின்றேன். அவர் கையில் இழைப்புளி. நான் சொல்லச் சொல்ல இழைத்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் நின்ற ஐந்து நிமிஷத்தைப் போல நான் எந்த அதிகாரி முன்னும் பயந்ததில்லை. கடைசியில் பலகையை ஊதிவிட்டு நிமிர்ந்தார். "வந்து சொன்ன பாரு, அதுக்கோசரம் உன்ன மாத்தல சார். ஆனா இந்த வருசம் உனக்கு ஃபீசு கிடையாது."

வெள்ளிக்கிழமைக்குள்

ஒரகடத்துக்கு அருகே ஜோதிலிங்கம் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தார். போல்ட், பிராக்கெட் என்று வண்டி உதிரிகளுக்கு முலாம் போட்டுத் தரும் வேலை. ஆறு வருஷத்தில் ஒரு முறைகூடத் தானாகக் கணக்குக் கேட்டு வந்தவரில்லை. நான்தான் துரத்திப் பில் வாங்குவேன். அவர் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாப் பில்லையும் தேதிவாரியாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துடு சார்" என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, மனுஷன் திருந்திவிட்டார் என்று. பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, வாரிசு என்ற இடத்தில் மனைவி பெயர் சரியாக இருக்கிறதா பார் என்றார். பார்த்தேன். பிறகு கேட்டார்: "நீ எழுதித் தர்றத எங்க வூட்ல படிச்சா அவளுக்குப் புரியும்ல?"

பேனா என் கையில் நின்றது. கீழே டயர் கழற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் முகம் அமைதியாக இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் எவ்வளவு அவமானம் என்று ஒரு மனம். சரியாக இருந்தால் என்று இன்னொரு மனம். என்னிடம் இருந்தது கணக்குப் படிப்பு. இதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை. உள்ளுக்குள் ஒரு வரி ஜெபம் சொல்லிக்கொண்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, நேராகவே கேட்டேன். "அண்ணே, செத்துப் போகலாம்னு நெனைக்கிறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னார். கம்பெனி மூன்று மாதச் சரக்கை முலாம் சரியில்லை என்று திருப்பிவிட்டது. பேங்க் கடனுக்கு மச்சான் தன் நிலத்தை ஜாமீன் வைத்திருக்கிறார். மச்சான் முகத்தில் விழிக்க முடியாது. இதை மூன்று வாரமாக வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. "உங்க கூட வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, அவர் சட்டையை இறுகப் பிடித்தபடி வீடு வரைக்கும் போனேன். சம்மதம் வாங்கிக்கொண்டு அவர் மனைவியிடம் நானே சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. போய் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அன்று முழுக்க அந்தக் கையை விடவில்லை.

புதன்கிழமை மூவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் மாத்திரை கொடுத்தார், தனியாக விடாதீர்கள் என்றார். வியாழக்கிழமை பேங்க். மேனேஜர் முதலில் முகம் கொடுக்கவில்லை. நான் கொண்டுபோன கணக்கை ஒளிவு மறைவு இல்லாமல் விரித்து வைத்தபின், தவணையைத் தள்ளிப்போட ஒரு மனு எழுதச் சொன்னார். மச்சான் தெருவே கேட்கக் கத்தினார். கத்தி முடித்து, இவர் செய்ய நினைத்ததைக் கேட்டதும் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். பட்டறையில் ஒரு முலாம் தொட்டியை விற்க வேண்டியிருக்கும், ஒரு ஷிஃப்டை நிறுத்த வேண்டியிருக்கும், இரண்டு வருஷம் கஷ்டம்தான் என்று கணக்குச் சொன்னது. அப்படியே ஆகவும் ஆனது. பட்டறை மட்டும் மூடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போனேன். பதினொரு மணிக்கு மனைவியோடு அவர் படியேறி வந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "வெள்ளிக்கிழமை ஆயிடுச்சே, கணக்கு முடிஞ்சுதா?" என்றார். இன்னும் பாதிகூட முடியவில்லை என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மெள்ள முடி சார். அவசரமில்ல. நான் இருக்கேன்ல."

மொத்தத்தில், பற்றும் வரவும் நேராவதற்கு ஒரு கால்குலேட்டர் போதும். பயந்தவருக்கு எதிரே அவரைவிடப் பயந்த இன்னொருவன் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்கு மாதா மாதம் ஃபீஸ் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.