நான் உயர்த்திய வான்

காலநிலை மாற்றத்தைத் தாக்குப்பிடிக்க ஏழை நாடுகளுக்குக் கை கொடுப்பது என் உத்தியோகம். வேறு இரண்டு நாடுகளில்கூட வேலை செய்திருக்கிறேன். கூட்டங்களில் பேச அழைப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குறுக்கே கேள்வி கேட்பவனை ஒரே போடாகப் போட்டு உட்கார வைத்துவிடுவேன். நெடுங்கேணிப் பக்கத்துக் குளம் ஒன்றைப் பற்றி மட்டும் இதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

மழை இப்போதெல்லாம் தன் பாட்டுக்கு வருகிறது. வந்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, பிறகு மாதக் கணக்கில் முகம் காட்டுவதில்லை. கொட்டும்போது பிடித்து வைத்தால் வெயில்காலச் சிறுபோக நெல்லுக்கு உதவும். அதனால் குளத்தின் மிகை நீர் வழிந்தோடும் வானைக் கொங்கிறீட் போட்டு ஒன்றரை அடி உயர்த்துவதென்று திட்டம் போட்டோம். அளந்ததும் அறிக்கை எழுதியதும் நான்.

எங்கள் பக்கத்தில் குளத்து அலுவல் என்றால், கூட்டத்தில் கை உயர்த்துவது குளத்தின் கீழ் வயல் உள்ளவர்கள்தான். வயல் இல்லாதவரை யாரும் கூப்பிடுவதில்லை. என் தகப்பனும் அப்படித்தான் கூட்டம் போய் வந்தவர். எனக்கு அது பிழையாகவே படவில்லை. வந்த எல்லோரும் ஓம் என்றார்கள். "ஊர் முழுக்கச் சம்மதம்" என்று எழுதினேன்.

குளத்தின் மேற்பக்கத்தில், நீர் ஏறி இறங்கும் அலைகரையில், முன்னொரு காலம் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்தவர்களின் வீடுகள் ஏழு இருந்தன. வயல் கிடையாது; மழைக்காலத்தில் கச்சான் கடலை போடுவார்கள். நான் அளவு நாடாவோடு வெயிலில் வெந்துகொண்டு நின்றபோது, அங்கே ஒருத்தி கூப்பிட்டுக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தாள்.

"என்ன மிஸ் அளக்குறீங்க?"

"குளம் திருத்தப் போறம்."

"நல்லதுதானே," என்று சிரித்தாள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று நான் சொல்லவில்லை.

வயல் உள்ளவர்களின் கமக்காரர் அமைப்புத் தலைவரிடம் அந்த வீடுகளைப் பற்றிக் கேட்டேன். "அது குளத்துக் காணி, மிஸ். ஒருத்தரிட்டையும் உறுதிப் பத்திரம் இல்லை. அவையைக் கணக்கில எடுக்காதேங்கோ," என்றார். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வேலை ஒரு வருடம் இழுபட்டிருக்கும்.

வான் கட்டி முடிந்த அந்த மார்கழியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. குளம் புது மட்டத்துக்கு நிரம்பியது. காலையில் தலைவர் போனில் கத்தினார்: "வானை உடைக்கிறாங்கள், ஓடி வாங்கோ!"

நான் போய்ச் சேர்ந்தபோது, தேத்தண்ணி தந்தவளின் புருஷன் வானின் மேல் கணுக்கால் தண்ணீரில் நின்று கனத்த இரும்பு அலவாங்கால் கொங்கிறீட்டை இடித்துக்கொண்டிருந்தான். பிடுங்க வேண்டிய கச்சான் முழுக்க நீருக்கடியில். அவன் வீட்டு வாசற்படியில் தண்ணீர் நின்றது.

வயல்காரர் பத்துப் பேர் பொல்லோடும் மண்வெட்டியோடும் குளக்கட்டில் ஓடி வந்தார்கள். ஒருவரும் அவனோடு கதைக்கவில்லை. முதல் அடி முதுகில் விழுந்தது. அவன் திரும்பி அலவாங்கை வீசினான். முன்னால் நின்றவனின் தாடை கிழிந்து பல் தெறித்தது. பிறகு எல்லோருமாக விழுந்து அடித்தார்கள். மண்வெட்டிப் பிடி அவன் முழங்கையில் இறங்கிய சத்தம் மழைக்கு மேலாகக் கேட்டது. கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. அதற்குப் பிறகும் அடித்தார்கள். ஒருவன் தலைமயிரைப் பிடித்து அவன் முகத்தைக் கொங்கிறீட்டில் மோதினான்.

"விடுங்கோடா, செத்துப்போவான்!" என்று குறுக்கே பாய்ந்தேன். என்னைச் சேற்றில் தள்ளிவிட்டார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த நேரத்தில் என் கோபம் அடித்தவர்கள் மேல் மட்டும் இருக்கவில்லை. நான் கட்டியதை உடைத்தானே என்று அவன் மேலும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவனைப் பொலிஸ் காவலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொதுச் சொத்தை உடைத்தது, ஒருவனைக் காயப்படுத்தியது என்று வழக்கு. பின்னேரம் வாக்குமூலம் கொடுக்கப் போனேன். பொலிஸ் வாசலில் அவன் மனைவி முழங்கால்வரை சேற்றோடு நின்றாள். என் கையைப் பிடித்தாள்.

"மிஸ், நாங்க அங்க இருந்தத நீங்க பாத்தீங்கதானே. அத மட்டும் சொல்லுங்க. வீட்டக் காப்பாத்தத்தான் ஒடச்சாருன்னு தெரிஞ்சா அவர விட்ருவாங்க."

என் மேலதிகாரி அதற்கு முன்பே போன் பண்ணியிருந்தார். அறிக்கையில் இல்லாததை வாயில் எடுக்க வேண்டாம், எடுத்தால் திட்டமும் போகும் என் வேலையும் போகும் என்றார்.

"நீங்கள் அளக்கேக்க அங்க குடியிருப்பு இருந்ததோ?" என்று பொலிஸ் அதிகாரி கேட்டார்.

"நான் காணேல்லை," என்றேன்.

எழுதினார்கள். கையெழுத்து வைத்தேன். கதவு திறந்தே இருந்தது; அவள் வாசலிலேயே நின்றாள்.

வெளியே வந்ததும் அவள் அறைந்தாள். உதடு பல்லில் பட்டு வெடித்தது. நான் நிமிருமுன் மறுபடியும் அறைந்தாள். கான்ஸ்டபிள் ஓடி வந்து அவள் கையை முறுக்கிச் சுவரோடு அழுத்தினான். அவள் என்னையே பார்த்தாள். என் வாயெல்லாம் இரத்தம்.

"முறைப்பாடு குடுக்கிறீங்களோ மிஸ்? இவவையும் உள்ளுக்குப் போடலாம்."

"வேண்டாம். விடுங்கோ."

அவன் அவளை விட்டுவிட்டு, உள்ளே போய் எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.

"உங்களுக்கு நல்ல மனம் மிஸ்," என்றான்.