சாராயத்தில் ஊறிய எருக்கம்பூ

கல்லூரி ஆய்வகத்தில் எருக்கம்பூவை ஒரு குடுவையில் தண்ணீரிலும் இன்னொன்றில் ஆல்கஹாலிலும் ஊறவைத்திருந்தோம். வலியைத் தணிக்கும் சத்து ஆல்கஹாலில்தான் அதிகம் இறங்கியிருந்தது. மூடியைத் திறந்ததும் அடித்த நெடியில் எங்கள் வேலந்தாவளத்து வீடு நினைவுக்கு வந்தது.

அங்கே ஒருநாள், குடியை விட்டிருந்த அப்பாவின் கட்டிலடியில் அம்மா ஒரு சாராயப் புட்டியைக் கண்டெடுத்தாள். மறுபடியும் தொடங்கிவிட்டார் என்று எனக்கு அழுகை முட்டியது. அம்மா அதை வாசலில் கவிழ்த்தாள். சாராயத்தோடு வதங்கிய எருக்கம்பூக்களும் விழுந்தன.

"உன்ற முட்டி வலிக்குத்தான் ஊறப் போட்டேன். தண்ணில வேகவெச்சுக் கட்டுனது கேக்கலையே" என்றார் அப்பா அம்மாவிடம்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அம்மா ஈரப் பூக்களைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.