மினுக்காதவர்களின் தலைவர் ட்ரெவர்

இங்கிலாந்தில், கிராட்லி ஹீத் பழைய மோட்டார் சைக்கிள் கழகத்தில் இரண்டு சாதி உண்டு: ஓட்டுகிறவர்கள், மினுக்குகிறவர்கள். ஓட்டுகிறவர்களின் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டும், சட்டைக் கையிலும் கறை இருக்கும். மினுக்குகிறவர்கள் வண்டியை வேனில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பக்கத்திலேயே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஈ வந்தால் விரட்டுவார்கள்.

ட்ரெவர் பிளாக்கம் முதல் சாதி. சங்கிலித் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "அது வண்டியாடா, இல்ல கல்யாண கேக்கா?" என்பது போல மினுக்குகிறவர்கள் மேல் கழகத்தில் வீசப்படும் ஏச்சுகளில் பாதி அவர் உபயம். தோட்டத்துக் கொட்டகையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவர் உள்ளே என்ன செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

அவருடைய வண்டி ஹார்க்கர். அவரைவிட ஒரு வயது மூத்தது. பக்கத்தில் ஒரு சைடுகார். சைடுகாரில் மனைவி ஐரீன், மடியில் தேநீர் பிளாஸ்க், கையில் குறுக்கெழுத்துப் புதிர். கல்யாணமானதிலிருந்து அவள் பார்த்த ஊர்களைவிடப் பார்த்த சாலையோரங்கள்தான் அதிகம். போன கோடையில் வண்டி நின்றுபோய், மழையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் பாதிப் பகல் உட்கார்ந்த பிறகு, அவள் பொறுமைக்கு ஓர் எல்லைக்கோடு போட்டாள்.

"லட்லோவுல என் சித்தப்பா பையன் கெல்வின் மதுக்கடை வெச்சிருக்கான் இல்ல? சுவத்துல மாட்ட ஒரு பழைய வண்டி வேணுமாம். இந்த வருஷ ஊர்வலத்துல இது மூணாவது தடவை நின்னுச்சுன்னா, அவனுக்கு ஃபோன் போட்டுருவேன்."

"சுவத்துலயா?"

"ஆமா. அங்கயாவது நிக்கறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்."

கழகம் லட்லோவுக்குப் போகும் ஊர்வலத்தன்று காலை ஹார்க்கர் ஒரே உதையில் கிளம்பியது. பிரிட்ஜ்நார்த் தாண்டுவதற்குள் இருமி, தும்மி, நின்றது.

பழைய வண்டி ஒன்று சாலையோரம் நின்றால் பின்னால் வருகிறவன் நிறுத்தாமல் போகக்கூடாது. இது கழகத்தின் எழுதாத சட்டம். நிறுத்தியவன் கருத்துச் சொல்லாமல் போகக்கூடாது. இது அதைவிடக் கடுமையான சட்டம். முதலில் வந்தவர் நார்மன் டூக். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கி, "பெட்ரோல் இருக்கு" என்று மூடினார். எல்லோரும் முதலில் செய்கிற சடங்கு அது.

"மேக்னெட்டோதான். சூடானா பொறி வராது. போன வருஷம் என்னோடதுலயும் இதேதான்."

மேக்னெட்டோவில் எதையோ திருகினார். வண்டி கிளம்பியது. நார்மனின் புன்னகை ஹெல்மெட்டுக்குள் அடங்கவில்லை.

சில மைல்களில் மறுபடி நின்றது. பக்கத்தில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. இந்தத் தடவை வந்தவர் நாபி கிரைஸ். மூடி திறந்தார், குலுக்கினார், மூடினார்.

"மேக்னெட்டோன்னு யாரு சொன்னது, நார்மனா? அவனுக்கு வயித்தவலி வந்தாலும் மேக்னெட்டோம்பான். கார்புரேட்டர்யா இது! தூசி."

"உன்னோடதுலயும் அதானா?"

"எப்பவும் அதான்."

கார்புரேட்டரை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினார். கிளம்பியது.

"ரெண்டு," என்றாள் ஐரீன், புதிரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது தடவை கிளீ ஹில் ஏற்றத்தில், செம்மறியாடுகளுக்கு நடுவில். பின்னால் ஒருவரும் இல்லை. ஐரீன் பேனாவை வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்தாள். ட்ரெவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வேறு எதுவும் தோன்றாததால் தானும் மூடியைத் திறந்தார்.

உஸ்ஸ்ஸ்.

ரொம்ப நேரம் மூச்சடக்கியவன் விட்ட பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். ட்ரெவர் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார். டேங்குக்குள் காற்றுப் போக அதில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. காற்றுப் போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்த ஓட்டையில் வெள்ளையாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. நார்மனும் நாபியும் குணப்படுத்தியது மூடியைத் திறந்ததால்தான். மற்றதெல்லாம் கச்சேரி.

அந்த வெள்ளை என்னவென்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு, தாழிட்ட கொட்டகையில், பழைய பனியன் துணியால் அவரே தேய்த்த பாலிஷ்.

வண்டிகள் இருமிக்கொண்டே வர, நார்மனும் நாபியும் ஏற்றத்தில் வந்து சேர்ந்தார்கள். ஐரீன் காதில் ஃபோன். "கெல்வின், ஒரு நிமிஷம் இருடா. ட்ரெவர், கடைசியா கேக்கறேன். வண்டியில கோளாறா, உன்கிட்ட கோளாறா? வண்டின்னா அது சுவத்துக்குப் போகட்டும். நீன்னா, உன்னை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன், மிச்சத்தையும் ஓட்டிக்கறேன்."

"மேக்னெட்டோதானே?" என்றார் நார்மன்.

"கார்புரேட்டர்," என்றார் நாபி.

ட்ரெவர் ஆடுகளைப் பார்த்தார். ஒன்றும் உதவிக்கு வரவில்லை. சட்டையில் குத்தியிருந்த கழகச் சின்னத்தைக் கழற்றி, அதன் ஊசியால் ஓட்டையைக் குத்தினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

"பாலிஷ்," என்றார். "நான்தான்."

நாபி குனிந்து அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீயா? மினுக்கினியா?" நாபியின் குரல் சாவு விசாரிப்பது போல இருந்தது.

"எத்தனை நாளா?" என்றார் நார்மன்.

"வாங்கின நாள்லேருந்து."

ஐரீன் ஃபோனில், "வண்டி நல்லாத்தான் இருக்காம்டா, வேற சுவரலங்காரம் பாத்துக்க" என்று சொல்லி வைத்தாள். பிறகு சைடுகாரிலிருந்து எக்கி, டேங்க் மூடியில் தன் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி தெரிந்தது.

"இவ்வளவு கைவேலை தெரிஞ்சவன், வீட்டுல தண்ணி கொதிச்சா விசிலடிக்கிற கெட்டிலை ஒரு தடவை தொட்டிருக்கியா?"

அங்கிருந்து லட்லோவரை ஹார்க்கர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மதிய விருந்தில் கழகத்தார் எழுந்து நின்று ட்ரெவரைக் 'கல்யாண கேக்' என்று வாழ்த்தினார்கள். அவருடைய ஏச்சு அவருக்கே திரும்பி வந்து, இன்றுவரை பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாழ் போட வேண்டிய அவசியம் போய்விட்டதால் கொட்டகைக் கதவு இப்போது திறந்தே கிடக்கிறது.

கெட்டிலும் பளபளக்கிறது. அன்றிலிருந்து விசில்தான் அடிப்பதில்லை.