தேங்க்ஸ்கிவிங் வரட்டும், அம்மணி

இன்று காலை பின்கதவைத் திறந்ததும் மூக்குநுனி சில்லிட்டது. அக்டோபர் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எதிர்வீட்டு மேப்பிள் மரத்தில் நாலே நாலு கிளைதான் சிவந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் அரைக்கால் சட்டையோடு நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார். நான் ஷெட்டிலிருந்து ஓக் கட்டைகளைத் தூக்கி வந்து விறகடுப்பைப் பற்றவைத்துவிட்டேன்.

"இப்பவேவா?" என்றார் கணவர், லேப்டாப் பையை மாட்டிக்கொண்டே. வருஷா வருஷம் இதே கேள்வியைக் கேட்பார். நானும் வருஷா வருஷம் பதில் சொல்ல மாட்டேன்.

அடுப்பென்றால் சோறாக்குகிற அடுப்பு இல்லை. ஹாலின் மூலையில் நாலு காலில் நிற்கிற கறுப்பு இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, தலையில் கூரையைத் தாண்டிப் போகிற புகைக்குழாய். தீ நன்றாகப் பிடித்ததும் கண்ணாடி வழியாக ஒரு போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். "இன்னிக்கு ஏத்தியாச்சு." அவ்வளவுதான். கோயம்புத்தூர்ச் சித்தி உடனே இதயம் அனுப்புவாள். எனக்கு ரொம்ப ரசனை என்று சொந்தபந்தமெல்லாம் பேசிக்கொள்கிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அது ரசனையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பழிவாங்கல். ஒரே ஓர் ஆள் பார்க்கவேண்டும் என்று அனுப்புகிற போட்டோ.

அந்த ஆள் என் கணவரின் அண்ணி. முறைக்கு எனக்கு ஓரகத்தி, வாய்க்கு அக்கா.

இப்போதும் பற்றவைக்கும்போது சுள்ளிகளுக்கு நடுவில் ஒரு கற்பூரக் கட்டியை வைப்பேன். கடையில் அதற்கென்றே விற்கிற மெழுகுக் கட்டிகள் உண்டு. எனக்குக் கற்பூரம்தான் வேண்டும். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் நேராக அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில் போய் நிற்பேன், ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

பத்தொன்பது வருஷம் ஆகிறது. கணவருக்கு டெக்சாஸில், இர்விங்கில் ப்ராஜெக்ட் முடிந்துபோய் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கிறவரை நியூஜெர்சிக்கு வந்துவிடுங்கள் என்று அவருடைய அண்ணன் கூப்பிட்டார். நல்ல மனுஷர், ஆனால் வீட்டில் அவருக்கு வாய் கிடையாது. எங்களுக்கு பேஸ்மென்ட்டைக் கொடுத்தார்கள். டெக்சாஸ் வெயிலிலிருந்து வந்தவள் நான், பிறந்தது கோபிச்செட்டிப்பாளையம். ஸ்வெட்டர் என்பது ஊட்டிக்குப் போகிறவர்கள் கடன் வாங்குகிற பொருள் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபரில் குளிர் வந்தது. சிமென்ட் தரையிலிருந்து மேலே ஏறி வந்தது. ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் மேலே ஹாலில் இருந்தது, அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி அக்காவின் கைப்பையில். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"அக்கா, பாப்பாவுக்குக் காலெல்லாம் சில்லுனு இருக்குதுங்க்கா. ஹீட்டர் கொஞ்சம் போடலாமுங்களா?"

"இதெல்லாம் ஒரு குளிரா? இப்பவே போட்டா உடம்பு பழகிரும். தேங்க்ஸ்கிவிங் வரட்டும், அம்மணி."

தேங்க்ஸ்கிவிங் நவம்பர் கடைசியில்தான் வரும். சொன்ன கையோடு சிரித்தார் பாருங்கள், அதுதான் இன்னும் எரிகிறது. கணவரிடம் சொன்னேன். "அண்ணன்கிட்ட போயி இதை எப்படிக் கேக்கறது? சோறு போட்டு வெச்சிருக்காங்க" என்றார். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு அண்ணன் என்றால் முதுகெலும்பு தானாக வளைந்துவிடும்.

குழந்தையின் பாதங்களை இரண்டு கையிலும் பொத்தி ஊதுவேன். நிமிஷத்தில் மறுபடி ஐஸாகிவிடும். பிறகுதான் டிரையரைக் கண்டுபிடித்தேன். துணி காயவைக்கிற இயந்திரம் பேஸ்மென்ட்டில்தான் இருந்தது. அதை ஓடவிட்டு, முதுகை அதில் சாய்த்து, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவேன். வயிறு நிறைந்த பசு மாதிரி அது கதகதவென்று அதிரும், பாப்பா தூங்கிவிடும். காய்ந்த துணியையே திரும்பத் திரும்பக் காயவைத்தேன். "அந்த டிரையருக்கு ஓய்வே கெடையாதா அம்மணி?" என்று மாடியிலிருந்து குரல் வரும். "துணி இன்னும் ஈரமா இருக்குதுங்க்கா" என்பேன்.

அப்படி அநியாயத்துக்குக் காய்ந்த துணியை மடித்து ஒருநாள் மேலே கொண்டுபோனேன். அக்காவின் படுக்கையறையில் கால் வைத்ததும் எனக்கு வியர்த்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஹீட்டர், கம்பியெல்லாம் சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருந்தது. ஆள்கூட இல்லை அறையில். கட்டில் குளிர்காய்ந்துகொண்டிருந்தது. துணியை அப்படியே வைத்துவிட்டுக் கீழே வந்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்தப் பொம்பளையை நான் விடுவதில்லை என்று.

அந்த பேஸ்மென்ட்டின் மூலையில்தான் இந்த விறகடுப்பு இருந்தது. வீட்டை விற்றவர்கள் விட்டுப்போனது. அக்கா அதன்மேல் ஒரு பட்டுத்துணியை விரித்துக் குத்துவிளக்கை வைத்து ஷோவாக்கியிருந்தார். மறுநாள் எல்லோரும் வெளியே போனதும் குத்துவிளக்கை இறக்கினேன். பழைய பேப்பர், கொல்லையில் பொறுக்கிய சுள்ளி, பூஜை ஷெல்ஃபிலிருந்து ஒரு பிடி கற்பூரம். அடுப்பு மூட்டத் தெரியாத கோபிக்காரி உண்டா என்ன? தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன்.

புகைக்குழாய்க்குள் ஒரு தகடு இருக்கும், அதைத் திருப்பித் திறந்துவிட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நம்மூர் அடுப்புக்கு ஏது கதவும் ஜன்னலும்? ஒரே நிமிஷத்தில் பேஸ்மென்ட் முழுக்கப் புகை. அலாரம் கத்த, பாப்பா கத்த, நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். யாரோ போன் செய்து தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. தலைக்கவசம் போட்ட ஒரு மலை மாதிரி ஆள் கீழே இறங்கிப் போய், தகட்டைத் திருப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, "ஸ்மெல்ஸ் நைஸ்" என்றார்.

அக்கா திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். திட்டவில்லை. கதையாக்கிவிட்டார். பொங்கல் பாட்லக், யார் வீட்டு வளைகாப்பு, எங்கே நாலு பேர் தட்டோடு நின்றாலும் ஆரம்பித்துவிடுவார். "எங்க அம்மணி இருக்காளே, அடுப்புக்குக் கற்பூர ஆரத்தி காட்டுனவ! ஃபயர் எஞ்சினுக்கே பிரசாதம் குடுத்து அனுப்புனா!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய? குழந்தைக்குக் குளிர்ந்தது என்ற பாதி மட்டும் அந்தக் கதையில் வரவே வராது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள் முன்னாலாவது, "பாவம், பாப்பாவுக்குக் குளிருச்சு, நான்தான் ஹீட்டர் போடல" என்று அவர் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரிதான்.

ஜனவரியில் கணவருக்கு வேலை கிடைத்தது, தனியாக வந்துவிட்டோம். பிறகு வீடும் வாங்கினோம். அக்கா குடும்பம் டெக்சாஸில் ஆலனுக்கு, மகன் வீட்டுப் பக்கம் போவதென்று வீட்டை விற்றபோது அந்த அடுப்பைக் கேட்டேன். "அந்தத் துருப்பிடிச்ச சனியனா? தூக்கிட்டுப் போ" என்றார். நாலு பேர் தூக்கினார்கள், ஆள் வைத்துப் புதுக்குழாய் போட்டேன். அந்த வருஷத்திலிருந்துதான் போட்டோ. அவர் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்புவார். ஒன்றும் உறைக்கவில்லை என்று எனக்கு இன்னும் வயிறெரியும்.

போன அக்டோபரில் வசமாக மாட்டினார். யாரோ தெரிந்தவர்களின் கிரகப்பிரவேசத்துக்காகத் தனியாக வந்து எங்கள் வீட்டில் நாலு நாள் தங்கினார். வந்த அன்றே குளிர் இறங்கியது. கடவுள் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஹீட்டரையும் அணைத்தேன். அக்காவுக்கு வடக்குப் பக்கத்து அறை.

அன்று மாலையே கேட்டார். டெக்சாஸ் அவரை மெத்துமெத்தென்று ஆக்கியிருந்தது. "ஏம்மணி, இந்தக் குளிரு குளிருதே, ஹீட்டர் போடலியா?"

பதினெட்டு வருஷம் வாயில் ஊறப்போட்டிருந்த வரி. கொஞ்சம்கூட அவசரப்படாமல் சொன்னேன். "இப்பவே போட்டா உடம்பு பழகிருமுங்க்கா. தேங்க்ஸ்கிவிங் வரட்டும்."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டீவி பக்கம் திரும்பிவிட்டார். மறுபடி கேட்கவே இல்லை. இரண்டு ராத்திரி போயிற்று. குட்டி ஹீட்டர் வைத்துக்கொண்டால் அவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும் என்று என் அறையிலும் வைக்கவில்லை. நானும் விறைத்தேன். பாவம், ஒன்றும் அறியாத என் கணவருக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னைக் கொல்லாதீங்க" என்று மூக்கைச் சிந்தினார்.

மூன்றாம் நாள் காலையில் சமையலறைக்கு வந்தால், பக்கத்துச் சின்ன அறையிலிருந்து டிரையர் ஓடுகிற சத்தம். நான் துணியே போடவில்லை. எட்டிப் பார்த்தேன். அக்கா தரையில் காலை நீட்டி, டிரையரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க்கா இது?"

"துணி ஈரமா இருந்துச்சு அம்மணி."

டிரையர் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு துண்டு, அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. மூடினேன். அக்கா கையை உயர்த்திப் பொத்தானை அழுத்த, அது மறுபடி ஓட ஆரம்பித்தது.

"நீயும் இப்படித்தான உக்காந்திருந்தே, பாப்பாவ மடில போட்டுக்கிட்டு" என்றார்.

"பாத்தீங்களா?"

"படியில நின்னு பாத்தேன். ரெண்டு மூணு வாட்டி."

"பாத்துமா ஹீட்டர் போடல?"

"பாத்துட்டுத்தான் போடல" என்றார்.

மன்னிப்பு வரும் என்று நின்றேன். ஒரு காரணமாவது வரும் என்று நின்றேன். ஒன்றும் வரவில்லை. இல்லவே இல்லை என்று அவர் சாதிப்பதாகவும், காலில் விழுந்து அழுவதாகவும் எத்தனை விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன், இப்படி ஒரு பதிலை மட்டும் யோசிக்கவே இல்லை. ஆனால் அவருக்குக் குளிர்ந்தது, உதடு வெளுத்திருந்தது, அதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். உடனே போய் அடுப்பையும் பற்றவைக்கவில்லை. காபி கலந்து, நின்று நிதானமாக ஒரு டம்ளர் குடித்தேன். அதற்கப்புறம்தான் கற்பூரத்தை எடுத்தேன். அக்கா வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "தகட்டைத் தொறந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்கும் வழக்கம்போல போட்டோவைப் போட்டேன். சித்தி இதயம் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து வந்தது. இந்தத் தடவை கட்டைவிரல் இல்லை.

"தேங்க்ஸ்கிவிங் இன்னும் வரலியே அம்மணி. வீட்ல இப்ப யாருக்குக் குளிருது?"

பாவி. ஆலனில் வெயிலில் உட்கார்ந்துகொண்டு, கரெக்டாகக் குறிபார்த்து அடித்துவிட்டார். கணவர் ஆபீஸ் போய்விட்டார். அக்கா வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டு வேறு வீடு கட்டிவிட்டார்கள், அந்த பேஸ்மென்ட்டும் இல்லை, படியும் இல்லை. பாப்பா காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். நேற்று போனில், "அம்மா, டார்ம்ல ஹீட் ஜாஸ்தி, ஐ ஸ்லீப் வித் த விண்டோ ஓபன்" என்றாள். இப்போது அவள் செருப்பு என் செருப்பைவிட ஒரு சைஸ் பெரிது.

"எனக்குத்தான்" என்று டைப் செய்தேன், அழித்தேன். நறுக்கென்று வேறு நாலைந்து பதிலும் டைப் செய்து அழித்தேன். அப்புறம் அடுப்புக் கதவைத் திறந்து இன்னொரு கட்டையைத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் குவித்து நெருப்புக்கு நேரே நீட்டினேன். முன்பு இந்தக் கைக்குள் பாப்பாவின் இரண்டு பாதமும் சேர்ந்தே அடங்கும்.