மோட்டார் பெட்டியின் சாவி

நாங்கள் மூவர் குடியிருந்த மாடிப்பகுதிக்கு நேர் கீழே வீட்டுக்காரரின் தறிகள் இருந்தன. அந்த வீட்டை இழந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். முதுகலை ஆய்வேட்டை முடிக்க ஏனாத்தூரில் இருக்கும் என் கல்லூரிக்கு அருகே ஓர் இடம் வேண்டும். தனியாக வரும் பெண்ணுக்கு யாரும் வீடு தருவதில்லை. இதற்குமுன் இருந்த வீட்டையும் அறைத்தோழிகளால்தான் காலி செய்தோம். ஒருத்திக்கு செல்போன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மற்றவள் பட்டுச்சேலைக் கடையில் விற்பனைப் பெண். வீட்டில் இல்லாதபோது இருவருமே நல்லவர்கள்.

மாடித்தொட்டி வழிந்தால் தண்ணீர் தறிக்கூடத்து ஓட்டின்மேல் விழும். ஆகவே மோட்டாரைப் போடுபவர் அதை நிறுத்தும்வரை வீட்டில் இருக்க வேண்டும் என்பது வீட்டுக்கார அக்கா விதித்த ஒரே நிபந்தனை. தொழிற்சாலைக்காரி மோட்டாரைப் போடுவாள். கம்பெனிப் பேருந்தின் ஹாரன் கேட்டதும் ஓடிவிடுவாள். தான் போடாத ஸ்விட்சைத் தான் தொடுவதில்லை என்பது கடைக்காரியின் கொள்கை.

ஒரு நாள் நான் வகுப்பு முடிந்து திரும்பியபோது எங்கள் மேசை விசிறிகளைக் காணவில்லை. அவை கீழே, தறியில் நனைந்துபோன பாவு நூல்களின் முன்னால் சுழன்றுகொண்டிருந்தன. தறிக்குழியில் தேங்கிய தண்ணீரை அக்காவின் கணவர் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். விடுமுறையில் இருந்த கடைக்காரி ஈரத்தலையோடு நின்றாள். அவள் கையிலிருந்த போனின் ஸ்பீக்கரில் தொழிற்சாலைக்காரி பேசினாள்.

“அவ வூட்லதான இருந்தாக்கா, நிறுத்துவான்னு நெனச்சேன்.”

“நான் தலைக்குக் குளிச்சிக்கினு இருந்தேன்பா. பாட்டு வேற ஓடிக்கினு இருந்துது.”

“கோயில் யானகூட அதுக்குள்ள குளிச்சிட்டு வந்துடும்மா,” என்றார் அக்கா. “கல்யாணப் பொடவ அது. ஜரிக கறுத்துப்போனா பொண்ணு வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? காலி பண்ணிடுங்க.”

ஆய்வேட்டைக் கொடுக்கும்வரை மட்டுமாவது இருக்கவிடும்படி கேட்டுக்கொண்டேன். மறுநாள் ஸ்விட்சைச் சுற்றி ஓர் இரும்புப் பெட்டி வந்தது. அதன் சாவியை அக்கா என் கையில் வைத்தார்.

“நீதான் கொஞ்சம் பேசாம இருக்கற பொண்ணு. இனிமே உன் பொறுப்பு. இன்னொரு தபா வழிஞ்சுதுன்னா மூணு பேரும் கெளம்பிக்கினே இருக்கணும்.”

வீடு தப்பியது. அதன்பிறகு தொட்டி நிரம்பும்வரை தினமும் மாடிப்படியில் காவல் நின்றேன். எழுத உட்கார்ந்தால் மோட்டார் போடச் சொல்லி ஒருத்தி கதவைத் தட்டுவாள். அவள் போனதும் மற்றவள். சாவியை அவர்களிடம் கொடுத்தால் வீடு போகும். என்னிடமே வைத்திருந்தால் ஆய்வேடு நகராது.

மூன்றாம் இயலைப் பற்றி நெறியாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது போன் விடாமல் அதிர்ந்தது. அனுமதி கேட்டு எடுத்தேன். கடைக்காரி.

“சாவி எங்கப்பா வெச்சிருக்க? தலைல ஷாம்பூ போட்டுக்கினு நிக்கறேன்.”

“என் பையில இருக்குது. நான் காலேஜ்ல இருக்கேன்.”

“ஷேர் ஆட்டோல ஏறுனா டக்குனு வந்துடலாம்பா.”

“பக்கெட்ல இருக்கறத வெச்சிக் குளி,” என்று சொல்லித் துண்டித்தேன்.

நெறியாளர் பொறுமையாகக் காத்திருந்தார். எந்தப் பத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை.