ஆறாம் நம்பர் ராடு

அணு உலைக்குக் கணக்குப் போடுகிற பெண்ணிடம் உலகம் கேட்பது இரண்டே கேள்வி: "எங்க தெருவுல ஏன் கரண்ட் இல்ல?", "கல்யாணம் எப்போ?" என்னைப் போல மாட்டிக்கொண்ட சகோதரிகளே, கேளுங்கள்.

சாரின் அன்பு

யூனிவர்சிட்டி முடித்த கையோடு உலை டிசைன் பிரிவில் சேர்ந்தேன். உலைக்குள் நியூட்ரான் பெருகப் பெருகச் சூடு ஏறும். கண்ட்ரோல் ராடு நியூட்ரானைத் தின்று அடக்கும். புது வரைபடத்தில் ஐந்தாம் ராடும் ஆறாம் ராடும் ஒட்டி நின்றன. ஐந்து தின்றதுபோக ஆறுக்கு மிச்சமிருக்காது, உலையை அவசரமாக நிறுத்தும்போது அது சும்மா நிற்கும் என்று கணக்கோடு போய் நின்றேன். பிரிவுத் தலைவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"தீபத்துக்கு ஊருக்குப் போறியாமே? நிம்மதியா போய்ட்டு வாம்மா. டிசைனை நாங்க பாத்துக்கறோம்."

கிணற்றடி

வேங்கிக்கால் வீட்டு வாசலிலேயே அம்மா மறித்தாள். அணு ஒட்டிக்கொண்டு வந்திருக்குமாம். நான் தொடுவது பேப்பரும் கம்ப்யூட்டருக்குப் போடுகிற பஞ்ச் கார்டும்தான், உலை இன்னும் கட்டவே இல்லை என்று வாதாடினேன். எடுபடுமா?

"கட்டாத ஒலைக்கே இவ்ளோ சூடா வந்து நிக்கற. மொதல்ல தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு உள்ள வாடி!"

பந்தி

தீபத்தன்று கிரிவலப் பாதையில் பெரியப்பா அன்னதானம் போட்டார். சாம்பார் வாளி என் கையில். பந்தியில் ஆஜானுபாகுவாக இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து இலை. முதல் ஆளிடமே வாளி தீர்ந்துவிடும். நிரப்பிக்கொண்டு வந்தால் மறுபடியும் அவர்தான் கை நீட்டுவார். அடுத்த இலைக்காரர் முகத்தில் எனக்கு ஆறாம் ராடு அப்படியே தெரிந்தது.

"எங்கிட்ட வர்றப்பல்லாம் வாளி காலியாவே இருக்குதேம்மா!"

மறுபடியும் சார்

திரும்பியதும் ஆபீஸ் கூட்டத்தில் எழுந்து இந்தப் பந்திக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். ஆனாலும் மாதிரி உலையில் வைத்து அளந்து பார்த்தார்கள். ஒட்டி வைத்தால் ஆறு சோம்பேறி. தள்ளி வைத்தால் சரியான வேலைக்காரன். வரைபடம் மாறியது.

பெரிய அதிகாரிகள் வந்த அன்று தலைவர் மேடையேறி, "ரெண்டு சாப்பாட்டு ராமனைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வெக்கக் கூடாதுன்னு எனக்கு அப்பவே தோணிச்சு" என்றார். கைதட்டல். கடைசி வரிசையிலிருந்து எழுந்துவிட்டேன்: "எந்த ஊர்ப் பந்தி சார் அது?" தலைவர் முகம் மாறவே இல்லை.

"உக்காரும்மா. எல்லாருக்கும் டீ வரும்."

ஆறாம் ராடு இப்போது தள்ளி நின்று வயிறாரச் சாப்பிடுகிறது. சாருக்குப் பக்கத்து இலையான எனக்குத்தான் இன்னும் வாளி வரவில்லை.